கார் ஷெட்டுக்குள் போக மறுக்கும் மீன்பிடிப் படகு: எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது

மேட்டூர் அணையில் மீன்பிடிக்கும் என் மாமாவின் ஃபைபர் படகு வருடத்தில் இரண்டு மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான் இருக்கும். வீடு சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடிவாரப் பக்கம். அணை நிரம்பி உபரி நீரைத் திறந்துவிடும் நாட்களில் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். 2024இல் ஜூலை கடைசியில் 120 அடி நிரம்பியது. 2025இல் ஜூன் முடிவதற்குள்ளேயே நிரம்பிவிட்டது. அந்த நாட்களில் பண்ணவாடிக் கரையில் வெயிலிலும் மழையிலும் படகைக் கிடத்திவைப்பதைவிட, 14 அடி மினி லாரியில் ஏற்றி மேச்சேரி, ஓமலூர் வழியாக இங்கே கொண்டுவந்துவிட்டால் பழுதும் பார்த்துக்கொள்ளலாம், நிழலிலும் இருக்கும்.

முதல் வருடம் அது உள்ளே போகவில்லை. தெருவில் ஒரு ராத்திரி முழுக்கக் காவல் இருந்தோம். ஷெட் போதாது, பின்சுவரை உடைக்கலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. அப்போது மாமா படகைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, படகு எங்கியும் இடிக்கல. படகோட வந்ததுங்கதான் இடிக்குது."

அவர் சொன்னதுதான் சரி. எஞ்சின், படகை வைத்துத் தள்ளும் ட்ராலியின் மூக்கு (இழுக்கும் பைப்), வாசல் சாய்தளம், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் பெட்டி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அரை அடி, ஓரடி பிடுங்கிக்கொள்கிறது. எது இடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் கீழே உள்ளதையெல்லாம் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதிலிருந்து படிக்கலாம்.

கணக்குப் புரிய எங்கள் அளவுகள்: படகு 14 அடி நீளம், 5 அடி அகலம், எஞ்சின் இல்லாமல் ஏறக்குறைய 180 கிலோ. ஷெட்டின் உள் ஆழம் 15 அடி 8 அங்குலம், அகலம் 10 அடி, ஷட்டர் திறப்பு 8 அடி அகலம், 7 அடி உயரம். ஷெட்டின் தரை தெருவைவிட 2 அடி உயரம்.

அறிகுறி: கணக்குப்படி கொள்ள வேண்டும், ஆனால் கொள்ளவில்லை

டேப் தவறான இடத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. வீட்டு வரைபடத்தில் 16 அடி என்று போட்டிருந்தால் அது சுவரின் வெளி விளிம்பிலிருந்து எடுத்த அளவாக இருக்கலாம். 9 அங்குலச் சுவரும் பூச்சும் கழிந்தால் ஏறக்குறைய 15 அடிதான் மிஞ்சும். வரைபடத்தை நம்ப வேண்டாம். ஷட்டரை இறக்கிவிட்டு, அதன் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவரில் முதலில் நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் வரை அளக்க வேண்டும். எங்கள் ஷெட்டில் அது போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி. சுவரிலிருந்து 7 அங்குலம் வெளியே நின்றது. அதைப் பக்கச் சுவருக்கு மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் ஆனது. அந்த 7 அங்குலமும் படகுக்குக் கிடைத்தது. மேலே சொன்ன 15 அடி 8 அங்குலம் அதை மாற்றிய பிறகு வந்த அளவு.

உயரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். லிண்டல் 7 அடியில் இருந்தாலும், சுருட்டிய ஷட்டரின் அடிப்பட்டை நான்கைந்து அங்குலம் கீழே தொங்கும். அந்தப் பட்டையின் அடியிலிருந்து தரைக்கு எவ்வளவோ அதுதான் உங்கள் உயரம்.

படகை அளக்கும்போது "14 அடிப் படகு" என்ற பேரை மறந்துவிடுங்கள். படகின் முன்பக்கமான அணியத்தின் நுனியில் இருக்கும் இரும்பு வளையம், அதற்கு முன்னால் ட்ராலியின் தடுப்பு, பின்னால் எஞ்சின் எல்லாம் மாட்டிய நிலையில் தரையில் தூக்குநூல் விட்டு இரண்டு முனையையும் குறித்துக்கொண்டு அளக்க வேண்டும். எங்களுக்கு அது பதினாறரை அடி வந்தது.

அறிகுறி: எல்லாம் உள்ளே போய்விட்டது, ஷட்டர் மட்டும் மூடவில்லை

ஓரடி அல்லது அதற்குக் குறைவாக இடிக்கிறது என்றால் சுவரைத் தொடவே வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் எஞ்சின். படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைத் தூக்கி நிறுத்தினால் விசிறிப் பக்கம் பின்னால் இரண்டடிக்கு நீளும். இறக்கி விட்டால் நீட்டம் பாதியாகக் குறையும், ஆனால் தரையில் முட்டும். சிறிய எஞ்சின் என்றால் கழற்றிவிடுவதே நல்லது. 8 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் முப்பது கிலோவுக்குள்தான் வரும், இரண்டு பேர் தாராளமாகத் தூக்கலாம். கழற்றியதும் படுக்கப் போட்டுவிடாதீர்கள். சிறிது நேரம் நிமிர்த்தியே வைத்து உள்ளே தங்கிய தண்ணீரை வடியவிட்டு, பிறகு மர ஸ்டாண்டில் நிமிர்த்தியே மாட்டுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கட்டாயம் படுக்கவைக்க வேண்டியிருந்தால், எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும். மாற்றிப் படுக்கவைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். எப்படி வைத்தாலும் விசிறிப் பக்கம் தலைப்பக்கத்தைவிட உயரமாகக் கூடாது, அடியில் தங்கிய தண்ணீர் தலைக்கு இறங்கும்.

இரண்டாவது, ட்ராலியின் மூக்கு. இழுப்பதற்கு நீளமான பைப் வேண்டும், ஆனால் நிற்கும்போது அது தேவையில்லை. பட்டறையில் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்திருந்தால் மூன்று நான்கு அடி வீணாகப் போகும். சட்டத்தின் நடுவில் ஒரு ஸ்கொயர் டியூபை நீளவாக்கில் வைத்து, அதற்குள் நுழையும் அளவில் சிறிய டியூபைப் போட்டு, குறுக்கே இரண்டு இடத்தில் துளையிட்டுப் பின் மாட்டச் சொல்லுங்கள். இழுக்கும்போது வெளியே, நிற்கும்போது உள்ளே. லாரி பாடி, டிராக்டர் டிரெய்லர் வேலை தெரிந்த பட்டறைகளுக்குச் சேலத்தில் பஞ்சமில்லை, காகிதத்தில் வரைந்து காட்டினாலே புரிந்துகொள்வார்கள். ஒரு பின் மட்டும் போட்டால் டியூப் ஆடும். ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு பின் இருக்கட்டும்.

மூன்றாவது, குறுக்காக நிறுத்துவது. எஞ்சினைக் கழற்ற முடியாதவர்களுக்கு இதுதான் வழி. நீள்சதுரமான பெட்டியைக் கொஞ்சமாகச் சாய்த்து நிறுத்தினால் இடம் மிச்சமாகாது, அதன் மூலைகள் இன்னும் கூடுதலாக இடத்தைப் பிடிக்கும். படகு அப்படியல்ல. முன்னால் அணியம் கூராக இருக்கிறது, பின்னால் எஞ்சின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு முனையும் கூர் என்பதால் சாய்த்தால் உண்மையிலேயே நீளம் குறையும். எங்கள் பதினாறரை அடியை 20 டிகிரி சாய்த்தால் பதினைந்தரை அடிதான் தேவைப்படும். முழுசாக ஓரடி மிச்சம். கோணமானி எதுவும் வேண்டாம். தரையில் சாக்பீஸால் பதினாறரை அடிக் கோடு இழுங்கள். அதன் ஒரு முனை, நேராக நின்றிருந்தால் இருக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் ஐந்தே முக்கால் அடி தள்ளியிருந்தால் அது ஏறக்குறைய 20 டிகிரி. இந்தச் சாய்வில் பக்கவாட்டில் ஏழரை எட்டு அடி பிடிக்கும். 10 அடி அகல ஷெட்டில் ஒருவர் நடந்துபோக இடம் இருக்கும், காருக்கு இருக்காது.

ட்ராலியின் தடுப்பை முன்னால் தள்ளி, படகை முன்னுக்கு நகர்த்தியும் சில அங்குலம் சம்பாதிக்கலாம். ஆனால் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு அடியில் தாங்கு கட்டை இருந்தே ஆக வேண்டும். கட்டை அங்கே எட்டாமல் போனால் எஞ்சின் பாரம் அந்தரத்தில் நின்று அடிப்பாகம் மெல்லத் தொய்ந்துவிடும். பிறகு தண்ணீரில் படகு நேராக ஓடாது. இரண்டு அங்குலத்துக்காக அதைச் செய்ய வேண்டாம்.

அப்படியும் போதவில்லை என்றால், மூக்கை உள்பக்கமாக நிறுத்துபவர்களில் ட்ராலியின் மூக்கு உயரத்தில் பின்சுவரில் ஓரடிச் சதுரத்துக்கு ஒரு மாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சுவர் உங்களுடையதாக, மறுபக்கம் உங்கள் இடமாக இருந்தால் மட்டுமே அதை யோசியுங்கள். தூண், பீம் எதையும் தொடக் கூடாது. பொறியாளர் வந்து பார்க்காமல் கொத்தனாரிடம் உளியைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: சாய்தளத்தில் ஏறும்போதே வயிறு தட்டி நின்றுவிடுகிறது

சேலத்துத் தெருக்களில் இதுதான் பெரிய தொல்லை. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வீட்டை உயர்த்திக் கட்டுகிறோம். தெருவில் இடம் கிடையாது. அதனால் சாக்கடையைத் தாண்டி ஆறடிக்குள் இரண்டடி ஏற வேண்டியிருக்கிறது. பைக்கும் காரும் எப்படியோ ஏறிவிடும், நீளமான ட்ராலி ஏறாது.

நாங்கள் படகின் பின்பக்கம் முதலில் உள்ளே போகும்படித் தள்ளுகிறோம். அப்படி ஏற்றும்போது மூன்று இடத்தில் தட்டும், மூன்றுக்கும் காரணம் வேறு.

ஏற ஆரம்பிக்கும்போதே பின்பக்கம் தரையில் உரசினால், அச்சுக்குப் பின்னால் தொங்கும் நீளம் அதிகம் என்று அர்த்தம். எஞ்சினை இறக்கிய நிலையில் விட்டிருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். சட்டத்தின் வால்தான் உரசுகிறது என்றால், மூக்கை முடிந்தவரை தாழ்த்துங்கள். மூக்கு இறங்கினால் வால் ஏறும்.

சக்கரம் மேலே ஏறி உள்ளே போன பிறகு நடுவில் தட்டினால், சாய்தளத்தின் உச்சி விளிம்பு சட்டத்தின் வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் ட்ராலியில் அச்சுக்கும் மூக்கடியில் இருக்கும் முன் சக்கரத்துக்கும் இடையில் 8 அடி. அச்சு 4 அடி உள்ளே, முன் சக்கரம் 4 அடி வெளியே சரிவில் நிற்கும்போது, நடுவில் அந்த விளிம்பு 8 அங்குலம் மேலே எழும்பி நிற்கிறது. ஆட்டோ டயர் போட்ட சட்டத்துக்கு அடியில் 8 அங்குலம் இடைவெளி எங்கே இருக்கப்போகிறது? தட்டத்தான் செய்யும். தள்ளுபவர்கள் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் நான்கு பேரைக் கூப்பிடுவார்கள். தள்ளத் தள்ளச் சட்டம்தான் வளையும்.

இதற்கு மருந்து பலகை. ஒன்பது பத்தடி நீளமுள்ள கனமான சென்ட்ரிங் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டிரண்டாக, சக்கரத்துக்கு ஒரு ஜோடி என்று தெருவிலிருந்து ஷெட் விளிம்பு வரை போடுங்கள். சரிவு ஆறடிக்குப் பதிலாக ஒன்பதடிக்குப் பரவுவதால் கூரான அந்தத் திருப்பம் மழுங்கிவிடும். பலகைக்கு அடியில் நடுப்பகுதி அந்தரமாக நிற்கும், அங்கே செங்கல் அல்லது மணல் மூட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். கீழ்முனை நழுவாமல் இருக்க முன்னால் ஒரு கல்லை அண்டக்கொடுங்கள். முன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பலகை தேவைப்படும், அதை மறந்துவிட்டு அப்புறம் ஓடுவார்கள். பலகைகளைப் போட்டுவிட்டுப் படகில்லாமல் வெறும் ட்ராலியை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

சாக்கடை மேல் போட்டிருக்கும் ஸ்லாப்பை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஸ்லாப் என்றால் விளிம்பில் சக்கரம் ஏறினால் உடையும். பலகைகள் ஸ்லாப்பின் இரண்டு பக்கச் சுவரிலும் தாங்கி நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, மேலே தட்டுவது. எங்கள் ட்யூப் லைட் உடைந்தது இதனால்தான். படகின் உயரம் தரையிலிருந்து நான்கடி, ட்யூப் லைட் ஏழடியில் குறுக்குப் பீமில் தொங்கியது. இடிக்க வழியே இல்லை என்று நினைத்தோம். ஆனால் அச்சு சாய்தளத்தின் உச்சியில் ஏறும் நேரத்தில் முன் சக்கரம் இன்னும் தெருவில் இருக்கிறது. எட்டடிக்கு இரண்டடி சாய்வு. அச்சைத் தாண்டி ஐந்தடி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பின்பக்கம் அந்த நேரத்தில் வழக்கத்தைவிட 15 அங்குலம் உயர்ந்துவிடும். படகில் தூண்டில் கம்பு செருகும் குழாய்களையும் எடுக்காமல் விட்டிருந்தோம். போய் விளக்கில் மோதியது. கண்ணாடித் தூளைப் படகுக்குள்ளிருந்து பொறுக்கி முடிக்க இரண்டு நாள். வெறும் காலோடு இறங்கும் படகு அது.

இப்போது அச்சு உச்சிக்கு வரும்போது இரண்டு பேர் முன்பக்கப் பைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறோம். மூக்கு ஏறினால் பின்பக்கம் தானாக இறங்கும். முன் சக்கரத்துக்கு ஜாக்கி இருந்தால் அதை முழுசாக ஏற்றிவிட்டால் போதும். கூடாரக் கம்பி, தூண்டில் குழாய், கொடிக்கம்பு எதுவானாலும் தெருவிலேயே கழற்றிவிடுங்கள்.

டயரில் காற்றைக் குறைத்தாலும் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கும். உள்ளே கை தள்ளலுக்கு அது பரவாயில்லை. ஆனால் வெளியே எடுப்பதற்கு முன் காற்றடிக்கப் பம்ப் வீட்டில் இருக்க வேண்டும்.

அறிகுறி: தெருவிலிருந்து வாசலுக்கு வளைக்க முடியவில்லை

15 அடித் தெருவில் வண்டியோடு சேர்த்து ரிவர்ஸ் எடுத்து வளைப்பது நடக்காத காரியம். வண்டியிலிருந்து கழற்றிவிட்டுக் கையால் திருப்புங்கள். ட்ராலி இரண்டு சக்கரத்தில் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டியோடு சேர்ந்தால் சுழலாது. கழற்றுவதற்கு முன் இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கல் வையுங்கள். எங்கள் பக்கம் சமதளம்போலத் தெரியும் தெருவும் மலைப்பக்கத்திலிருந்து மூக்கனேரி ஏரிப் பக்கம் மெல்லச் சரிந்துதான் இருக்கிறது. 180 கிலோ ஓட ஆரம்பித்தால் கையால் நிறுத்த முடியாது.

கேட் கதவுகள் முழுசாகச் சுவரோடு ஒட்டித் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். பாதியில் நின்றுவிடும் கதவு பக்கத்துக்கு நான்கு அங்குலம் தின்னும். கொக்கிக் கீல் என்றால் கதவையே தூக்கிக் கழற்றி வைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

அறிகுறி: நேராகத் தள்ளினாலும் ஒரு பக்கமாகவே இழுக்கிறது

இரண்டு டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சமமாக இருந்தும் இழுத்தால் அச்சு கோணலாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ட்ராலியின் மூக்கு நுனியிலிருந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம் இருந்தது. பட்டறைக்காரரிடம் டேப்பையே கொடுத்து அளக்கச் சொன்னோம். மறுபேச்சில்லாமல் அறுத்துச் சரியாகப் பற்றவைத்துக் கொடுத்தார்.

சுற்றவே மாட்டேன் என்று ஒரு சக்கரம் அடம்பிடித்தால் பேரிங் துருப்பிடித்திருக்கும். படகை இறக்க ட்ராலியையே தண்ணீருக்குள் விடுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். ஒவ்வொரு முறையும் கரையேறியதும் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

அறிகுறி: முன்பைவிடப் படகு கனக்கிறது

போன வருடம் நாலு பேர் தூக்கியதை இந்த வருடம் ஆறு பேர் தூக்குகிறோம் என்றால் வயதை நொந்துகொள்ள வேண்டாம், படகு தண்ணீர் குடித்திருக்கும். ஃபைபருக்கு உள்ளே மிதப்புக்காக வைத்த நுரையும் பின்பலகைக்குள் இருக்கும் ஒட்டுப்பலகையும் ஏதோ ஒரு ஸ்க்ரூ துளை வழியாக ஊறிப்போகும். சுத்தியலின் கைப்பிடியால் பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் செத்துப்போயிருக்கும். அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் இருக்கும் மாதங்கள்தான் இதைச் சரிசெய்ய நல்ல நேரம். உலர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு மேலே ஃபைபர் ஒட்டினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

அறிகுறி: நிறுத்திய சில வாரத்தில் அடியில் நட்சத்திரம்போல விரிசல், அல்லது கட்டை இருக்கும் இடத்தில் பள்ளம்

பாரம் முழுவதும் ஒன்றிரண்டு புள்ளியில் விழுகிறது. தண்ணீரில் படகின் அடி முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. தரையில் அந்த வேலையைக் கட்டைகள் செய்ய வேண்டும். பெரும்பாரம் நடு அடிக்கட்டையில் இறங்கட்டும். பக்கத்துக் கட்டைகள் நீளவாக்கில், குறைந்தது நாலு அங்குல அகலத்தில், படகின் வளைவுக்கு ஒட்டியதுபோலச் சீவப்பட்டு இருக்கட்டும். மேலே பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை ஆணியடித்துவிடுங்கள். ஆணித்தலை ரப்பருக்குள் புதைந்திருக்க வேண்டும். கோணிச்சாக்கு, தேங்காய்நார் மெத்தை வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஃபைபரில் கொப்புளம் வர வழிசெய்யும்.

ஷெட்டில் டைல்ஸ் போட்டிருந்தால் சிறிய இரும்புச் சக்கரங்கள் டைல்ஸை உடைக்கும். காற்றடித்த டயர், அல்லது சக்கரத்துக்கு அடியில் ஒட்டுப்பலகைத் துண்டு.

அறிகுறி: காருக்கு இடமில்லாமல் போய்விட்டது

கூரையில் தொங்கவிடலாமா என்று கேட்பார்கள். நம் வீடுகளில் ஊஞ்சல் கொக்கி இருப்பதால் இந்த எண்ணம் சீக்கிரம் வரும். தயவுசெய்து அதில் படகை மாட்டாதீர்கள். அந்தக் கொக்கி எந்தக் கம்பியோடு கட்டப்பட்டது, எவ்வளவு ஆழம் என்பது கான்கிரீட் போட்ட அன்று நின்றவருக்குத்தான் தெரியும். மாதக்கணக்கில் தலைக்கு மேலே நிற்கும் பாரம் வேறு. சுவருக்குச் சுவர் இரும்பு ஐ-பீம் போட்டு, பொறியாளர் கணக்குப் பார்த்து, நான்கு இடத்தில் அகலமான பெல்ட்டில் தாங்கினால் செய்யலாம். அவ்வளவு செலவுக்கு, மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு அடியில் பைக்குகளை நகர்த்திவிட்டு, காரை மூன்று மாதம் போர்டிகோவில் விட்டுக்கொள்வது எங்களுக்கு எளிதாக இருந்தது.

படகின் மூக்கை நல்ல உயரமாகத் தூக்கி நிறுத்தினால் அதற்கடியில் ஒரு பைக்கும் பெட்டிகளும் போகும். இது வேறொரு நன்மையும் தரும், அது அடுத்ததில்.

அறிகுறி: கொசு

படகுக்குள் தண்ணீர் நிற்கிறது. டெங்கு கொசு முட்டையிடுவது தெளிந்த தண்ணீரில்தான், கைப்பிடி அளவு போதும். மூக்கை உயர்த்தி, பின்பலகையில் இருக்கும் வடிகால் மூடியைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய மூடியை எஞ்சினின் ஸ்டார்ட்டர் கயிற்றிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். மூடியைப் போடாமல் படகைத் தண்ணீரில் இறக்கியவர்களை மேட்டூரில் நான் பார்த்திருக்கிறேன். கயிற்றை இழுக்கும்போது மூடி கையில் தட்டும், ஞாபகம் வந்துவிடும்.

தார்ப்பாயை இறுக்கிக் கட்ட வேண்டாம். நடுவில் ஒரு கம்பு கொடுத்துக் கூரைபோல நிறுத்துங்கள், காற்று ஓடட்டும். வலையைப் படகுக்குள் விட்டுவைத்தால் எலி குட்டி போடும். மீன் வாசம் போக அலசி உலர்த்தி, ஆணியில் உயரத் தொங்கவிடுங்கள்.

அறிகுறி: ஷட்டரைத் திறந்ததும் பெட்ரோல் வாசம்

இதில் மட்டும் நிதானம் வேண்டாம். லைட் ஸ்விட்சைத் தொடாதீர்கள். ஷட்டரை முழுசாகத் திறந்துவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நம் ஷெட்டுகளில் போர்வெல் ஸ்டார்ட்டரும் இன்வெர்ட்டரும் அதே அறையில் இருக்கின்றன. ஸ்டார்ட்டர் விழும் ஒவ்வொரு முறையும் பொறி வரும். மோட்டார் ஆட்டோமேட்டிக் என்றால் யாரும் தொடாமலேயே விழும். அந்த இணைப்பை நிறுத்துவதானாலும் ஷெட்டுக்கு வெளியே உள்ள மெயினில்தான் நிறுத்த வேண்டும்.

டேங்கை ஷெட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. தெருவில் படகை இறக்கும்போதே டேங்கையும் குழாயையும் கழற்றிவிடுங்கள். எஞ்சினுக்குள் மிஞ்சியதைக் கரையிலேயே, விசிறியும் தண்ணீர் உறிஞ்சும் துளையும் தண்ணீரில் மூழ்கியிருக்கும்போதே, எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு ஓடவிட்டு, தானாக நிற்கும்வரை தீர்த்துவிட வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் தண்ணீரும் எத்தனாலும் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். மூன்று மாதம் கார்புரேட்டரில் தங்கினால் அடைப்புதான். டேங்கில் மிஞ்சியதை மாமா கிளம்பும் அன்றே வண்டிக்கு ஊற்றிவிடுகிறோம்.

அறிகுறி: வெளியே எடுக்கும்போது கை மீறுகிறது

உள்ளே ஏற்ற எட்டு பேர் வருவார்கள், வெளியே எடுக்க இரண்டு பேர்தான் இருப்பார்கள். அணையில் தண்ணீர் வரத்து அடங்கி, மறுபடி இறங்கலாம் என்று சேதி வந்த அன்று மாமாவுக்கு ஒரு நிமிடம் பொறுக்காது. ஆனால் இறக்கம்தான் ஆபத்தான வேலை. ஷெட்டின் தூணில் நல்ல நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை ட்ராலியின் பின்சட்டத்தில் கட்டுங்கள். மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. முன்னால், சரிவின் கீழே, யாரும் நிற்கக் கூடாது. மூக்கைத் திருப்புபவர் பக்கவாட்டில் நின்றே திருப்பட்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒருவர் சக்கரத்தின் பின்னாலேயே நடந்து, நின்றதும் முன்னால் கல்லை வைக்க வேண்டும்.

தெருவுக்கு இறங்கியதும் எல்லோரும் மூச்சுவிட்டுக் கயிற்றை விட்டுவிடுவார்கள். இரண்டு சக்கரத்துக்கும் கல் வைத்தாயிற்று என்று கீழே இருப்பவர் சத்தமாகச் சொல்லும்வரை கயிறு பிடித்தவர் விடக் கூடாது.